வாங்கிய அச்சில் குத்தினால் அது கைவேலையா?

ஒரு வாசகர் கேட்டது: "ஸ்டாம்ப் யாரோ வரைந்தது, டை என்கிற வெட்டு அச்சு யாரோ செய்தது, ஓட்டை போட்ட ஸ்டென்சில் தகடும் கடையில் வாங்கியது. நீங்கள் செய்வதெல்லாம் மையைத் தொட்டு வைப்பதும் கைப்பிடியைச் சுற்றுவதும்தான். இதற்குப் போய் 'கையால் செய்த வாழ்த்து அட்டை' என்று பெயர் வைப்பது கொஞ்சம் ஓவராக இல்லையா? கோபப்படாமல் சொல்லுங்கள். நானும் தொடங்கலாமா என்ற யோசனையில்தான் கேட்கிறேன்."

ஜூன் 2, இரவு

கோபமில்லை. இதே கேள்வியை என் அண்ணன் மூன்று வருடத்துக்கு முன்னால் கேட்டார். அப்போது கோபம் வந்தது. அந்த வருடம் அவருக்குப் பிறந்தநாள் அட்டை கிடையாது.

இப்போது கேட்டால் பாதி சரி என்பேன். படம் என்னுடையது இல்லைதான். ஆனால் லண்டனில் 1843-இல் ஹென்றி கோல் என்பவர், தெரிந்தவர்களுக்கெல்லாம் தனித்தனியாகக் கடிதம் எழுத நேரமில்லாமல், ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரை ஒரு படம் வரையச் சொல்லி அச்சடித்தார். விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை என்று அதைத்தான் சொல்கிறார்கள். அதிலேயே கோடுகள்தான் அச்சு, வண்ணம் கையால் தீட்டியது. ஆக, பாதி அச்சு பாதி கை என்கிற இந்தக் கலப்படத்துக்கு 180 வயது தாண்டிவிட்டது. நான் புதிதாக ஒன்றும் ஏமாற்றவில்லை.

தொட்டு வைப்பதுதானே என்கிறீர்கள். ஒரே ஸ்டாம்பைப் பத்து முறை வைத்துப் பாருங்கள். பத்தும் ஒரே மாதிரி வந்தால் நான் பேசுவதை நிறுத்திவிடுகிறேன்.

ஜூன் 3, காலை

நேற்று வீம்புக்குச் சொல்லிவிட்டேன், எப்படி என்று சொல்லவில்லை.

கிளியர் ஸ்டாம்ப் என்கிற, கண்ணாடி போலத் தெரியும் வகை புதிதாக இருக்கும்போது அதன் மேல் ஒரு வழுவழுப்பு இருக்கும். மை அதில் பிடிக்காமல் முத்து முத்தாக நிற்கும், குத்தினால் அம்மைத் தழும்பு போல வரும். முதல் மாதம் முழுக்க மை சரியில்லை என்று நினைத்து மூன்று மைப்பெட்டி வாங்கினேன். தேவைப்பட்டது ஒரு அழி ரப்பர். ஸ்டாம்பின் முகத்தில் ரப்பரை லேசாகத் தேய்த்துவிட்டால் போதும்.

மையை எடுக்கும்போது மைப்பெட்டியைக் கையில் பிடித்து ஸ்டாம்பின் மேல் மெதுவாகத் தட்டித் தட்டி ஏற்ற வேண்டும். தேய்த்தால் ஓரங்களில் வழியும், அதுவும் அட்டையில் பதியும். அடியில் மெல்லிய ஃபோம் ஷீட் ஒன்று. பிறகு நேராக வைத்து, விரல்களைப் பரப்பி அழுத்தி, நேராகத் தூக்க வேண்டும். எல்லோரும் செய்கிற தப்பு, அரசு அலுவலக முத்திரை போல முன்னும் பின்னும் ஆட்டுவது. ஆட்டினால் ஓரத்தில் இரண்டாவது கோடு விழும். மேசை ஆடினாலும் விழும். நான் சின்ன எழுத்து ஸ்டாம்புகளை நின்றுகொண்டுதான் வைப்பேன், உட்கார்ந்தால் அழுத்தம் ஒரு பக்கமாகப் போகிறது.

ஜூன் 3, மதியம்

பொசிஷனர் வைத்தால் பத்தும் ஒரே மாதிரி வருமே என்று ஒருவர். ஆமாம், ஸ்டாம்ப் பொசிஷனர் என்று ஒரு கருவி இருக்கிறது. மூடியில் ஸ்டாம்பை ஒட்டிவிட்டால் எத்தனை முறை மூடினாலும் அதே இடத்தில் விழும், விட்டுப்போன இடத்தில் மறுபடி குத்தலாம். என்னிடமும் இருக்கிறது. நேற்று இரவு சொன்ன வீராப்பில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஜூன் 5

ஒருவர் ரொம்ப நியாயமாகக் கேட்டிருக்கிறார்: "டை இங்க் என்றால் டையில் தடவுகிற இங்க்கா? அப்படித் தடவி வெட்டினால் ஓரம் கலராக வருமா?"

இரண்டு நாள் சிரித்துவிட்டு, தப்பு என்னுடையது என்று உணர்ந்தேன். வெட்டுகிற உலோக அச்சும் டை, சாயமும் டை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். தலைக்கு அடிக்கிற டையையும் சேர்த்தால் மூன்று. அதனால் இனி வெட்டுகிற டையை வெட்டச்சு என்றும், டை இங்க்கை சாய மை என்றும் எழுதுகிறேன். பிக்மென்ட் இங்க் அப்படியே இருக்கட்டும், அதற்குத் தமிழ் தேடினால் இன்னொரு குழப்பம் வரும்.

வித்தியாசம் இதுதான். சாய மை காகிதத்துக்குள் இறங்கும், சீக்கிரம் காயும், வருடங்கள் போகப் போக வெளிச்சத்தில் மங்கும். பிக்மென்ட் இங்க் பெரும்பாலும் மேலேயே உட்காரும், காய நேரமெடுக்கும், நிறம் நிற்கும். கறுப்பு அட்டையில் வெள்ளை குத்த வேண்டுமென்றால் பிக்மென்ட்தான், சாய மை அங்கே காணாமல் போய்விடும்.

ஜூன் 6

காகிதம். இதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, ஆனால் பாதி அட்டைகள் கெட்டுப்போவது இங்கேதான்.

அடி அட்டைக்கு 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்கிற கணக்கு). அதற்குக் கீழே போனால் அட்டை நிற்காமல் கவிழும். ஏ4 தாளை நீளம் பாதியாகும்படி வெட்டினால் 148.5 × 210 மில்லிமீட்டர், அதை மடித்தால் 148.5 × 105. சி6 உறை 114 × 162, இதில் சரியாகப் போகும். முன்பக்கம் ஒட்டுகிற தாளை நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் குறைத்து, அதாவது 99 × 142.5 அளவில் வெட்டிக்கொள்வேன்.

காகிதத்துக்கும் இழையோட்டம் உண்டு. இரண்டு பக்கமும் மெதுவாக வளைத்துப் பாருங்கள், ஒரு பக்கம் சுலபமாக வளையும். மடிப்பு அந்த வளைவோடு சேர்ந்து வந்தால் வழுக்கிக்கொண்டு மடியும். குறுக்கே வந்தால் மடிப்பில் வெடிப்பு விட்டு உள்நார் தெரியும், அடர் நிற அட்டையில் வெள்ளைக் கோடாகவே தெரியும். எப்படி மடித்தாலும் முதலில் மழுங்கிய முனையுள்ள ஸ்கோரிங் கருவியால் மடிப்புக் கோட்டை அழுத்திக்கொள்ளுங்கள். அந்தப் பள்ளம் அட்டைக்கு உள்பக்கம் வரும்படி மடிக்க வேண்டும்.

ஜூன் 8

கடைசி வரியைத் தலைகீழாக எழுதிவிட்டேன். நேற்று அட்டை மடிக்கும்போது கை தானாக வேறு மாதிரி செய்வதைப் பார்த்துத்தான் தெரிந்தது. பள்ளம் வெளிப்பக்கம், மேடு உள்பக்கம். அழுத்திய கோட்டிலிருந்து விலகிப் பின்புறமாக மடிக்க வேண்டும். மன்னிக்கவும். என் பேச்சைக் கேட்டு யாராவது ஒரு கட்டு தாளை மடித்திருந்தால் திட்டிக்கொள்ளுங்கள்.

(கைக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியவில்லை. முதல் கேள்விக்கு இதையும் பதிலில் சேர்த்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன்.)

ஜூன் 9, இரவு

ஸ்டென்சில் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்கு மூன்றிலும் பிடித்தது இதுதான், அதனால் நீளமாகப் போகும்.

மையைப் பூசுவது என்று நினைத்தால் தோற்றோம். தூரிகையை மையில் தொட்டு, வேறொரு தாளில் நன்றாகச் சுழற்றி, இதில் மையே இல்லையே என்று சந்தேகம் வருகிற நிலையில்தான் ஸ்டென்சில் பக்கம் கொண்டுபோக வேண்டும். அப்போதும் ஓட்டையின் மேல் நேரடியாக இறங்கக் கூடாது. ஸ்டென்சிலின் ஓரத்தில், பிளாஸ்டிக்கின் மேல் சுழற்ற ஆரம்பித்து, சுழன்றபடியே உள்ளே வர வேண்டும். பஞ்சால் துடைக்கிற அழுத்தம் போதும். முதல் சுற்றில் ஒன்றும் தெரியாது. நாலாவது சுற்றில் லேசான நிழல். பத்தாவது சுற்றில் நிறம். அவசரப்பட்டு அழுத்தினால் ஒரு இடத்தில் திட்டு விழும், அந்தத் திட்டை மறைக்க மற்ற இடத்தையும் இருட்டாக்கி, கடைசியில் அதிகாலை வானம் செய்யப் போனவர் நள்ளிரவு செய்து முடிப்பார். என்னிடம் நிறைய நள்ளிரவுகள் இருக்கின்றன.

ஸ்டென்சில் நகராமல் இருக்க மாஸ்கிங் டேப். அதை முதலில் உடுத்தியிருக்கிற துணியில் ஒருமுறை ஒட்டி எடுத்துவிட்டு அப்புறம் காகிதத்தில் ஒட்டுங்கள், இல்லையென்றால் உரிக்கும்போது காகிதத்தின் தோலும் வரும். தூக்கும்போது ஒரு மூலையிலிருந்து நேராக மேலே. அந்த ஒரு நொடிக்காகத்தான் நான் இதைச் செய்கிறேன் என்று நினைக்கிறேன். ஸ்டென்சில் மேலே இருக்கும்வரை எல்லாம் ஒரே அழுக்காகத்தான் தெரியும், தூக்கியவுடன் இலைகள்.

பேஸ்ட் போடுவதும் உண்டு. ஸ்டென்சிலின் மேல் எம்பாசிங் பேஸ்ட்டை ஒரு சின்ன கரண்டித் தகட்டால் ஒரே இழுப்பாக இழுத்தால் படம் மேடாக நிற்கும். இழுத்து முடித்த கையோடு ஸ்டென்சிலைத் தண்ணீரில் போடுங்கள். ஒருமுறை போன் வந்தது, பேசிவிட்டு வந்தேன். அந்த ஸ்டென்சில் இப்போது பக்க அடையாளமாகப் பயன்படுகிறது.

ஜூன் 10

சொந்தமாக ஸ்டென்சில் வெட்டலாமா என்றால், தாராளமாக. தீவுகளை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வ-வின் சுழிக்குள் இருக்கிற வெற்றிடம் எதோடும் ஒட்டாமல் தனியாகக் கழன்று விழும், அதைப் பிடித்து வைக்க மெல்லிய பாலம் ஒன்று விட வேண்டும். ஜப்பானில் துணிச் சாய வேலைக்குக் கட்டாகாமி என்று காகித ஸ்டென்சில்கள் உண்டு. காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டி, பெர்சிமன் சாற்றில் பதப்படுத்தி, அதில் வெட்டுவார்கள். பாலமே விட முடியாத நுணுக்கமான வேலையென்றால் பட்டு நூலை இடையில் ஓட்டித் தீவுகளைப் பிடித்து வைப்பார்கள். அதைப் படித்த அன்று நான் என் வெட்டுக் கத்தியை மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டேன். மூன்று நாள் கழித்துத்தான் மறுபடி எடுத்தேன்.

ஜூன் 12

வெட்டச்சு. கைப்பிடி சுற்றுகிற பகுதி, அதாவது நீங்கள் கிண்டல் செய்த பகுதி.

உருளை மெஷினுக்குள் போகிற அடுக்கு இது: அடியில் தளத்தட்டு, அதன் மேல் வெட்டுத்தட்டு, அதன் மேல் காகிதம், காகிதத்தின் மேல் வெட்டச்சு (கூர் பக்கம் கீழே பார்த்தபடி), மேலே இன்னொரு வெட்டுத்தட்டு. மெஷினுக்கு மெஷின் இந்த அடுக்கு மாறும், கூடவே வந்த தாளில் இருப்பதுதான் சரி. உருளைகளுக்கு நடுவே போகும்போது நொறுங்குகிற சத்தம் வரும். முதல் தடவை மெஷினை உடைத்துவிட்டேன் என்று பயந்து பாதியில் நிறுத்தினேன். அந்தச் சத்தம் சாதாரணம்தான், பிளாஸ்டிக் தட்டில் கூர் இறங்குகிற சத்தம்.

சரியாக வெட்டவில்லையென்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். ஒரு சாதாரணத் தாளை அடுக்கில் சேர்த்தால் போதும். தட்டுகள் நாளாக நாளாக வாழையிலை மாதிரி வளையும், ஒவ்வொரு முறையும் திருப்பித் திருப்பிப் போட்டால் வளைவு சமமாகும். நீளமான நேர்விளிம்புள்ள சட்ட அச்சைக் கொஞ்சம் சாய்வாக வையுங்கள், விளிம்பு முழுவதும் ஒரே நேரத்தில் உருளையில் மோதாது. நுணுக்கமான அச்சென்றால் காகிதத்துக்கும் அச்சுக்கும் நடுவே ஒரு மெழுகுத் தாள், அப்போதுதான் வெட்டிய பூ கிழியாமல் வெளியே வரும். இல்லையென்றால் ஊசியை வைத்து ஓட்டை ஓட்டையாகக் குத்தி எடுக்க வேண்டியதுதான்.

இப்போது என் சொந்தச் சோகம். ஆங்கிலத்தில் வாழ்த்துச் சொற்கள் வெட்டும் அச்சு எத்தனையோ கிடைக்கிறது. தமிழில் வேண்டுமென்று அக்கா மகளின் எலக்ட்ரானிக் வெட்டு மெஷினில் "வாழ்த்துகள்" என்று கொடுத்தேன். அழகாக வெட்டியது. தூக்கிப் பார்த்தால் "வாழததுகள". ழ், த், ள் மூன்றின் புள்ளியும் மெஷினின் ஒட்டுப் பாயிலேயே உட்கார்ந்திருக்கிறது. கடுகு அளவு, இல்லை, கடுகில் பாதி. ஒவ்வொன்றையும் சாமணத்தால் எடுத்து, பசையைக் குண்டூசி முனையில் தொட்டு, எழுத்தின் தலைக்கு மேல் வைக்கப்போகும் நேரத்தில் மூச்சு விட்டேன். பறந்துவிட்டது. அன்று மொத்தம் ஏழு புள்ளி தொலைந்தது. ஒன்று மறுநாள் அக்காவின் புருவத்தில் கிடைத்தது.

ஆங்கிலத்தில் இந்தத் தொல்லை ஐ, ஜே என்ற இரண்டு எழுத்தோடு முடிந்துவிடுகிறது. நமக்குத்தான் முக்கால்வாசிச் சொல்லில் புள்ளி.

ஜூன் 13

எதிர்பார்த்ததுதான், "வாழ்த்துக்கள்" என்று வர வேண்டாமா என்று இரண்டு பேர், வரவே கூடாது என்று மூன்று பேர். வாழ்த்து என்பதோடு கள் என்ற பன்மை விகுதி சேரும்போது வல்லெழுத்து மிக வேண்டியதில்லை என்பது ஒரு கட்சி. எழுத்துகள், எழுத்துக்கள் இரண்டும் புழக்கத்தில் இருக்கிறதே என்பது இன்னொரு கட்சி. என் நிலைப்பாடு தெளிவானது. "வாழ்த்துகள்" என்றால் மூன்று புள்ளி, "வாழ்த்துக்கள்" என்றால் நான்கு. நான் மூன்று புள்ளிக் கட்சி. இதற்கு மேல் இலக்கணம் இங்கே வேண்டாம்.

ஜூன் 15

திருத்தம் இரண்டு. முதலாவது: ஸ்டாம்பைக் கறுப்பில் குத்திவிட்டு உள்ளே வண்ணம் தீட்டுவது பற்றித் தனியாகக் கேட்டவருக்கு, தண்ணீரில் கரையாத மை எதுவானாலும் சரி என்று சொன்னேன். தப்பு. தண்ணீரில் கரையாதது ஆல்கஹால் மார்க்கரில் (ஆல்கஹால் கலந்த மையுள்ள வண்ணப் பேனா) கரையலாம். நீர்வண்ணம் தீட்டுவதென்றால் நீர் தாங்கும் மை. ஆல்கஹால் மார்க்கர் என்றால் அதற்கு ஏற்ற, தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட சாய மை, அதுவும் நன்றாகக் காய்ந்த பிறகு. ஒரு கரடியின் முகத்தில் சால்வென்ட் மை (தண்ணீருக்குப் பதில் வேறு கரைப்பான் உள்ளது) மேல் மார்க்கர் போட்டேன், கண்ணீர் விட்டு அழுதது போலக் கறுப்பு வழிந்தது. இரங்கல் அட்டையாகக்கூட அதை அனுப்ப முடியவில்லை.

இரண்டாவது: கிளியர் ஸ்டாம்ப் மஞ்சளானால் தூக்கிப்போட வேண்டும் என்று நான் எங்கோ எழுதியதை ஒருவர் நினைவுபடுத்தினார். மஞ்சளாவது வெறும் கறைதான். வெயிலில் கிடந்து இறுகிப் போனால்தான் பிரச்சினை.

ஜூன் 19

எம்பாசிங் பவுடர். நிறமில்லாத ஒட்டும் மையில் குத்தி, பொடியைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, ஹீட் கன் காட்டினால் பொடி உருகிப் பளபளவென்று எழும். ஹேர் டிரையர் போதாதா என்று கேட்காதவர்கள் இல்லை. போதாது. சூடு குறைவு, காற்று அதிகம், பொடி உங்கள் மூக்கில்தான் இருக்கும். சாய மையிலும் வராது, பொடி ஒட்டுவதற்குள் காய்ந்துவிடும்.

கைபட்ட இடத்தில் எல்லாம் பொடி ஒட்டிக்கொள்ளும், விரலின் ஈரமும் எண்ணெய்ப் பசையும்தான் காரணம். குத்துவதற்கு முன் டால்கம் பவுடரைத் துணியில் முடிந்து தாளின் மேல் லேசாகத் தட்டுங்கள். ஹீட் கன்னை முதலில் ஒரு பத்து விநாடி காற்றில் சூடாக்கிவிட்டு அப்புறம் தாளின் பக்கம் கொண்டுவாருங்கள். பளபளப்பு வந்த நொடியில் அடுத்த இடத்துக்குப் போய்விட வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று நின்றால் பொடி காகிதத்துக்குள் இறங்கி மங்கிப்போகும்.

ஜூன் 24

மழை, வேறு வேலை ஓடவில்லை, அட்டைப்பெட்டியை எடுத்து எண்ணினேன். செய்து அனுப்பாமல் வைத்திருப்பவை 47. எல்லாம் நன்றாக வந்தவை. அழகாக இருக்கிறது, இதை யாருக்கு அனுப்ப என்று வைத்ததுதான் பெரும்பாலும். அனுப்பியவையெல்லாம் அவசரத்தில் செய்தவை, ஏதோ ஒரு மூலையில் கோணல் உள்ளவை.

அப்போதுதான் முதல் கேள்வியை மறுபடி படித்தேன். படம் யாருடையது என்பதிலேயே நான் நின்றுவிட்டேன் என்று தோன்றுகிறது. அண்ணனுக்கு அட்டை கிடையாது என்று சொன்னேன் அல்லவா, அதற்கு அடுத்த வருடம் வீம்பாக அழி ரப்பரில் நானே "வாழ்க" என்று செதுக்கினேன். வாங்கிய அச்சே இல்லாமல், முழுக்க என் கை. குத்திப் பார்த்தால் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பியிருந்தது. (எழுத்தை டிரேசிங் தாளில் பென்சிலால் எழுதி, அதைக் கவிழ்த்து ரப்பரில் தேய்த்திருந்தால் தானாகத் திரும்பி விழுந்திருக்கும். அது அப்போது தெரியாது.) வேறு செய்ய நேரமில்லை, அப்படியே அனுப்பினேன். அண்ணன் முகம் பார்க்கும் கண்ணாடிக்கு எதிரே அதை நிற்க வைத்திருக்கிறார், இன்னும் இருக்கிறது. அதற்கு அப்புறம் பொசிஷனரும் வெட்டச்சும் வைத்துச் சுத்தமாகச் செய்து அனுப்பிய இரண்டு அட்டைகள் எங்கே என்று கேட்டேன். "பத்திரமா இருக்கும்" என்றார்.

சுத்தமாக வருவது ஒரு ஆசை, அது எனக்கு இன்னும் போகவில்லை. இன்றும் கோணலாக விழுந்தால் இன்னொரு தாள் எடுக்கிறேன். ஆனால் 47 என்ற எண் கொஞ்சம் உறுத்துகிறது. இன்று ஆறு உறை எழுதினேன்.

ஜூன் 25

தபால் பற்றிக் கேட்டவருக்கு: ஃபோம் டேப் வைத்து இரண்டு அடுக்கு உயர்த்தினால் உறை தடித்துப்போகும், தபால் இயந்திரத்தில் நசுங்கலாம். அனுப்புகிற அட்டையில் நான் ஒரு அடுக்குக்கு மேல் போவதில்லை. முத்து, பொத்தான் எல்லாம் நேரில் கொடுப்பதற்கு. பெரிய தாளை ஒட்டத் திரவப் பசை நிறையப் போட்டால் அட்டை ஈரத்தில் சுருளும். கொஞ்சமாகப் போட்டு, ஒரு இரவு கனமான புத்தகத்தின் அடியில் வைத்துவிடுங்கள்.

ஜூலை 1

முதல் கேள்வி கேட்டவர் தன் முதல் அட்டையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். பார்த்தேன், இரண்டு முறை பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்டென்சில் வானம் நள்ளிரவுக்குப் பக்கத்தில் போய்விட்டது, பரவாயில்லை, நட்சத்திரம் வைத்துச் சமாளித்திருக்கிறார். மடிப்பு சரியாக இருக்கிறது (நான் ஜூன் 6-இல் எழுதியதை அவர் நல்லவேளையாகப் படிக்கவில்லை). எழுத்து, தனக்குத் தெரிந்த ஒருவரின் மெஷினில் வெட்டியதாம். "வாழத்துகள்" என்று இருக்கிறது, ழ-வின் புள்ளி எங்கே என்று தெரியவில்லை, தரை முழுக்கத் தேடிவிட்டேன், மறுபடி முழுச் சொல்லையும் வெட்டவா என்கிறார்.

வேண்டாம். அடர் நீலத்தின் மேல் வெள்ளை எழுத்துதானே, வெள்ளை ஜெல் பேனாவால் புள்ளியை வைத்துவிடுங்கள். முதலில் ஒரு துண்டுத் தாளில் நாலைந்து புள்ளி வைத்து மை ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், எடுத்த எடுப்பில் சொட்டும். வைத்த பிறகு கால் மணி நேரம் தொடாதீர்கள்.